சோதனை இரவு

என் வேலை சுரண்டுவது.
அறுவைக் கத்தி, நெற்றியில் விளக்கு,
பஞ்சு, காய்ச்சி வடித்த நீர்.
ஒரு தபால்தலை அளவுக்குச் சுவரைத் திறந்து
அடுக்கடுக்காக இறங்க வேண்டும்.

இன்யாம்பானே விரிகுடாவைப் பார்த்தபடி
நிற்கிறது போர்ச்சுக்கீசியரின் சுங்க மாளிகை.
நாங்கள் வந்தபோது
கூரையில் பப்பாளி காய்த்திருந்தது.
படிக்கட்டு ஆடுகளின் வசம்.
இப்போது சாரம், பச்சை வலை,
வரும் டிசம்பரில் இருபத்திரண்டு அறைகள்.

மேலே கைபேசிக் கம்பெனியின் மஞ்சள்.
அதன் கீழ் மீன்வளத் துறையின் நீலம்.
அதற்கும் கீழே, விடுதலை வந்த வருடம்
யாரோ அவசரமாக எழுதிய அரை வாக்கியம்:
"இனி இந்த வாசலில்"
மீதியை ஒரு ஜன்னல் தின்றுவிட்டது.
பிறகு காவி. பிறகு சாம்பல்.
கடைசியில் பவளக்கல் சுட்ட சுண்ணாம்பு,
திரிந்த பாலைப் போல ஒரு வெள்ளை.

எந்த ஆண்டுக்குத் திரும்புவது என்று
திரையில் தோன்றிக் கேட்டார்
லிஸ்பனில் இருக்கும் கட்டடக் கலைஞர்.
முதலாளி எர்மெலிந்தா மாபுட்டோவிலிருந்து சொன்னார்:
"தொள்ளாயிரத்துப் பதினொன்று. போட்டோ இருக்கிறது."
போட்டோவில் பதினான்கு வெள்ளைத் தொப்பிகள்,
ஒரு தென்னை,
ஓரத்தில், அசைந்துவிட்டதால்
புகையாகிப்போன ஒருவர்.
அவர் கையில் இருப்பது குடையா துடைப்பமா என்று
அரைமணி நேரம் பேசினோம்.
குடை என்று முடிவாயிற்று.

ஆறாம் எண் அறைக்கு
பழைய வரைபடத்தில் 'சரக்கு' என்று பெயர்.
ஒரே ஒரு ஜன்னல், அதுவும் கைக்கு எட்டாது.
கதவில் தாழ்ப்பாள் தடம் வெளிப்பக்கம் மட்டும்.
அங்கே சாம்பல் அடுக்கை எடுத்த அன்று
முழங்காலுக்குச் சற்று மேலே கோடுகள்.
நான்கு நிமிர்ந்து, ஒன்று குறுக்கே.
நான்கு நிமிர்ந்து, ஒன்று குறுக்கே.
மூட்டை எண்ணியவன் நின்று எண்ணியிருப்பான்.
இது உட்கார்ந்தவனின் தோள் உயரம்.

சுண்ணாம்பு குழைக்கும் செலஸ்தினோ வந்து பார்த்தார்.
அவர் எண்ணவில்லை.
ஒரு கோட்டில் கட்டைவிரலை வைத்தார்,
ஆழம் பார்ப்பதைப் போல.
"குடிசை வரி," என்றார்.
பிறகு கலவை இறுகிவிடும் என்று போய்விட்டார்.

அறிக்கை எழுதினேன், படங்களோடு.
பதில் வந்தது:
கண்ணாடி பதித்துக் காட்டலாம், அருமையான விஷயம்,
ஆனால் படுக்கைக்கு எதிரே வேண்டாம்.
படுக்கையை எங்கே போட்டாலும் எதிரேதான்.
இப்போது அங்கே அலமாரி நிற்கிறது.

திறப்பு விழாவுக்கு முன் ஒரு வழக்கமாம்.
கட்டியவர்கள் எல்லாரும் ஓர் இரவு தங்கி
குழாயும் விளக்கும் கழிப்பறையும்
சரியா என்று சோதித்துச் சொல்ல வேண்டும்.
என் இரண்டு மாதச் சம்பளம் அந்த ஓர் இரவு,
அன்று மட்டும் இலவசம்.
சீட்டுக் குலுக்கினார்கள்.
எனக்குப் பன்னிரண்டு விழுந்தது,
மின்காரர் அமாதேவுக்கு நான்கு,
மூன்று முறை குளித்தார்.
செலஸ்தினோ தன் தலையணையோடு வந்தார்.
சாவியில் ஆறு.
மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.
"சீட்டு சீட்டுதான்."

நள்ளிரவில் நடைவழியில்
ஒரு கதவு திறந்தது. மூடியது.
சற்றுக் கழித்துத் திறந்தது.
கீலைச் சோதிக்கிறார் என்று நினைத்து
நான் புரண்டு படுத்தேன்.

காலையில் படிவங்களைத் தட்டச்சு செய்வதும் என் தலையில்.
அறை நான்கு: வெந்நீர் வரத் தாமதம்.
அறை ஒன்பது: கொசுவலையில் ஓட்டை.
அறை பன்னிரண்டு: ஓதம் ஏறும்போது சத்தம் அதிகம்.
அறை ஆறு, பென்சிலில், பெரிய எழுத்தில்:
கதவு உள்ளிருந்து திறக்கிறது.
ஏழு முறை பார்த்தேன்.

மேலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.
"இதை எந்தப் பத்தியில் சேர்ப்பது," என்றார்,
"குறைகளிலா?"