காணும்

"பால் காணுதோ பிள்ளை?"
ஸ்கார்பரோவிலிருந்து கனகேஸ் மாமி.
அங்கே சாப்பாட்டு நேரம்.
ஓல்டனில் இரவு ஒன்றரை, யன்னலில் மூடுபனி.
"ஓம் மாமி" என்கிறேன்.
காணாது என்று சொல்ல
வாய் இன்னும் பழகவில்லை.

இடது பக்கம் பதினொன்று.
வலது பக்கம் ஏழு.
மில்லிலீட்டர் என்ற சொல்லைப்
பள்ளிக்கூட ஆய்வுகூடத்தோடு விட்டு வந்ததாய் இருந்தேன்.
இரண்டையும் ஒன்றாக ஊற்றும்போது
போத்தல் கழுத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு துளிக்காக
கவிழ்த்துப் பிடித்தபடி நின்றிருக்கிறேன்,
பாஸல் போகிற சரக்கு வண்டி
கடைசிப் பெட்டி வரை கடந்து முடியுமட்டும்.

ஐந்து கிழமை முந்தி வந்தவள்.
அன்று என்னிலிருந்து
கேளாமலே பெருகியது இரத்தம் மட்டும்.
யாரோ ஒருவரின் இரத்தம் இரண்டு பை ஏற்றினார்கள்.
பெயர் தெரியாது.
சொந்த இரத்தம் காணுதோ என்று
அதற்கு ஒருவரும் தொலைபேசி எடுக்கவில்லை.

சுறாப் புட்டு. சரக்குக் கறி.
சூரிச்சிலிருந்து தபாலில் வந்து கறுத்துப்போன முருங்கை இலை.
வெந்தயம் குடித்துக் குடித்து
என் தலையணையே வெந்தயமாய் மணத்தது.
மருந்துக் கடையில் நாள் வாடகைக்கு எடுத்த பம்ப்
மூச்சிரைத்துக்கொண்டே இருந்தது.
ஒரு இரவு "காணும், விடு" என்று கத்தினேன்.
பம்பிடமா, வேறு யாரிடமா, தெரியாது.

பால்மா டின்னில் எழுதியிருக்கிறது
தாய்ப்பாலே சிறந்தது என்று.
டொச்சில், பிரெஞ்சில், இத்தாலியனில்.
நாலாவது மொழியை
மாமி பார்த்துக்கொள்கிறா.

பாண் தொழிற்சாலையிலிருந்து நாலரைக்கு வருவான் சீலன்,
இமை மயிரில் மாவோடு.
வேலைத்தலத்தில் போலவே
முழங்கை வரை கழுவுகிறான்.
கரண்டியில் குவிந்ததைக்
கத்தி முதுகால் மட்டம் தட்டுகிறான்.
மட்டம் தட்டுவதென்றால்
இவ்வளவு மெதுவாயும் தட்டலாம் என்று
குசினி வாசலில் நின்றுதான் அறிந்தேன்.
மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்க்கிறான்.
இன்னொரு துளி.
முதல் துளியில் அவனுக்கு நம்பிக்கை வராது.

புதன்கிழமை மருத்துவச்சி ரெகுலா.
பிள்ளையைத் துணியில் இட்டு
தராசுக் கொக்கியில் தூக்கிப் பிடிக்கிறா,
மீன் நிறுக்கிற கை.
இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
அடுத்த புதன் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து.
"இதில் எத்தனை கிராம் என்னுடையது?"
என்னுடைய டொச்சில் கேட்டேன்.
வினைச்சொல்லைத் திருத்தினா.
பிறகுதான் கேள்வி விளங்கியிருக்க வேண்டும்,
கோட்டைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருந்தா.

நூல் போல ஒரு குழாய்.
ஒரு முனை போத்தலுக்குள்,
மறு முனையை என் காம்போடு நாடாவால் ஒட்டினா.
இயலினி உறிஞ்சினாள்.
எது டின், எது நான் என்று
அவள் பிரித்துப் பார்க்கவில்லை.
ஒரு கையை மட்டும் விரித்து
என் நெஞ்செலும்பில் வைத்திருந்தாள்,
ஓடுகிற பஸ்ஸில் நிற்பவள்
கம்பியைப் பிடிக்கிற மாதிரி.

இன்று விடியப்புறம் குழாயில்லை, போத்தல்தான்.
சீலனின் மடி.
பத்து மில்லி மிச்சமிருக்க
முகத்தைத் திருப்பிவிட்டாள்.
"காணுமாம்" என்றான்.
எங்கட பேச்சில் அது போதும் என்கிற சொல்.
அக்கரையில் பார்க்கும் என்று கொள்வார்கள்.
அவளோ விளக்கை விட்டு
என் பக்கமாய்க் கண்ணைக் கொண்டுவந்தாள்.
எதைக் கண்டாளோ.

பம்ப் வாடகை நாளையோடு முடிகிறது.
இன்னும் ஒரு கிழமைக்கு எடுப்பேனா, தெரியாது.
தொலைபேசி அதிர்ந்தது.
மாமி கேட்குமுன்னம் சொன்னேன்:
"காணாது மாமி. மாவும் குடுக்கிறம்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
பைப்பில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"எத்தனை கரண்டிக்கு
எவ்வளவு தண்ணி விடுறாய்?"