ஓட்டை விழுந்த கட்டம்

ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எழுதியவர்
தெற்கே எங்கோ இருக்கிறார் போல.
"நவம்பர் 23, நண்பகல்.
ஒரு மீட்டர் குச்சியை நட்டு
அதன் நிழலை அளந்து எழுதுக" என்கிறார்
கொஞ்சமும் கூசாமல்.

எங்கள் வார்டோவில்
முந்தின நாளோடு சூரியன் கடையைக் கட்டிவிட்டது.
இனி ஜனவரியில்தான் திறக்கும்.

இருந்தாலும் போனோம்.
பதினொரு பேர், பதினொரு நெற்றி விளக்கு.
மைதானத்துப் பனியில் எய்லிஃப் குச்சியை நட்டதும்
அதற்குப் பதினொரு நிழல் முளைத்தது.
"இதெல்லாம் கணக்கில் வராது" என்றாள் உக்னே.
அணைத்தோம்.
நீலமாக ஏதோ மிச்சமிருந்தது வானத்தில்.
அளவுநாடாவின் முனையைப் பிடித்திருந்த ஊய்விண்டுக்கு
எங்கே போய் நிற்பதென்று தெரியவில்லை.
கொஞ்ச நேரம் சும்மா நடந்துவிட்டுத் திரும்பி வந்தான்.

அட்டவணை நிரப்புவது என் பொறுப்பு.
"பூஜ்யம் போடு" என்றான் எய்லிஃப்.
"நிழல் இல்லை. இல்லையென்றால் பூஜ்யம்."
"இல்லாததை எப்படி அளந்தாய்?"
உக்னேயின் அப்பா மீன் தொழிற்சாலையில் எடை போடுபவர்.
வெறும் தட்டை நிறுத்தால் பூஜ்யம் எழுதுவாராம்;
தராசு பழுதான நாளில்
கட்டத்தைக் காலியாக விடுவாராம்.

கை தூக்கச் சொன்னார் குன்வோர் டீச்சர்.
ஆறுக்கு ஐந்தில் பூஜ்யம் ஜெயித்தது.
அறிவியலில் ஓட்டெடுப்பு செல்லுமா
என்று யாரோ கேட்டார்கள்.
அதற்குள் சாப்பாட்டு மணி.

டிசம்பரில் புலவாயோவிலிருந்து கடிதம்.
அங்கும் ஒரு ஆறாம் வகுப்பு,
அதே நாள், அதே ஒரு மீட்டர் குச்சி.
நிழல்: 0.
ம்தாபிசி என்ற பையன் எழுதியிருந்தான்:
"சூரியன் உச்சந்தலைக்கு நேரே.
எங்கள் நிழல்களை நாங்களே மிதித்துக்கொண்டு நின்றோம்.
குதித்தால்தான் கண்ணில் பட்டது,
அதுவும் இறங்குவதற்குள்.
அரை மணி நேரம் குதித்தோம்.
உங்கள் ஊரிலும் குதித்தீர்களா?"

இரண்டு ஊர்க் கணக்கையும்
கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன்.
ஒரே சாக்பீஸ், ஒரே அளவு முட்டை.
ஒன்றில் சூரியன் தலைமேல்.
ஒன்றில் சூரியனே இல்லை.
வகுப்பில் ஹீட்டர் மட்டும் டிக் டிக் என்றது.

எய்லிஃபே எழுந்து வந்தான்,
ரப்பரை என் மேசையில் வைத்தான்.
"அழித்துவிடு."

பேனாவால், அதுவும் அழுத்தி எழுதியிருந்தேன்.
தேய்க்கத் தேய்க்கத் தாள் மெலிந்து
பூஜ்யம் போன இடத்தில்
பூஜ்யம் அளவுக்கே ஓட்டை.
அதன் வழியே அடுத்த பக்கத்தின் 7 தெரிந்தது:
எழுத்துப்பிழைத் தேர்வில் என் மதிப்பெண்.

வரைபடம் போட்ட ஊய்விண்ட்
அதையும் ஒரு புள்ளியாக வைத்துவிட்டான்.
இருண்ட மாதத்தின் தொடக்கத்தில்
தனியாக ஏழு சென்டிமீட்டர் நிழல்.
டீச்சர் சிவப்பு மையால் சுழித்து
"இது யாருடையது?" என்று கேட்டிருந்தார்.
நான் பதில் எழுதவில்லை.

ஜனவரியில் சூரியன் வரும் நாளில்
வழக்கம்போல ஜாம் வைத்த ரொட்டி கொடுத்தார்கள்;
வழக்கம்போல மேகம்.
மூன்றாம் நாள்தான்
கடல் விளிம்பில் காசின் ஓரம் மாதிரி ஒரு துண்டு.

குச்சியிலிருந்து நிழல் கிளம்பியது.
மைதானம் தாண்டி, சைக்கிள் நிறுத்தம் தாண்டி,
வேலிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது.
பாதிக்கு மேல் அது நிழலா
பனியின் மடிப்பா என்றே புரியவில்லை.
ஐந்து மீட்டரில் நாடா முடிந்தது.
உக்னே குச்சியடியில் குந்தியிருக்க,
எய்லிஃப் நாடாவை வீசிவிட்டு
காலடிகளை எண்ணிக்கொண்டே ஓடினான்.

தூரத்தில் சின்னதாக நின்று திரும்பி
ஏதோ ஒரு எண்ணைக் கத்தினான்.
காற்று அதைக் கொண்டுபோய்விட்டது.
"எத்தனை?" என்று பத்துப் பேரும் கத்தினோம்.
சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

கையுறையைப் பல்லால் கழற்றி
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன்.