மூக்கணாங்கயிறு

உங்கள் படிவத்தின் முதல் கட்டம்: கருவிகளின் எண்ணிக்கை.
நாற்பத்தொன்று என்று நிரப்பிவிட்டேன்.
'குறை' என்ற கட்டத்தில் ஐந்நூறு எழுத்துக்குத்தான் இடம்.
மீதியைத் தாளில் எழுதுகிறேன்.

க்ளைபெடா துறைமுகம், மூன்றாம் குளிர்கிடங்கு.
உள்ளே மைனஸ் இருபத்து நான்கு.
மீன் பெட்டியாக வந்து
பெட்டியாகவே போகிறது.
மீன் முகத்தை இங்கே யாரும் பார்த்ததில்லை,
பார்கோடைத்தான் பார்க்கிறோம்.

வாங்கும்போது நாற்பத்து மூன்று.
இரண்டு ஃபோர்க்லிஃப்டுக்கு அடியில் போயின.
இன்னொன்று உப்புநீர்த் தொட்டியில் விழுந்தது;
கின்டாவ்டாஸ் அதை ஹீட்டர் மேல் வைத்துவிட்டுத்
தூங்கப் போனார்.
காலையில் அவருக்கு முன்னால்
அது வேலைக்கு வந்திருந்தது.
நாலும் ஏழும் தேய்ந்து வழுக்கை.
விரலுக்கு இடம் தெரியும், பரவாயில்லை.
இதெல்லாம் குறையே இல்லை.

குறை,
மார்ச்சில் ஒரு செவ்வாய், இரவு இரண்டேகால் மணிக்கு.
ஹாம்பர்க்கில் வாடிக்கையாளர் சர்வரின் பூட்டை மாற்றினார்,
மாற்றத்தான் வேண்டும், திருட்டு பயம்.
நாற்பத்தொரு திரையிலும் ஒரே வரி:
பாதுகாப்பற்ற இணைப்பு.
கருவி கெடவில்லை.
சிவப்புக் கதிர் அடித்தது, பீப் என்றது,
பெட்டியின் பெயரைப் பிழையில்லாமல் படித்தது.
படித்ததைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆயிரத்து நூறு பெட்டி அன்றைக்கு.
ஜிவிலெ அட்டையைக் கிழித்துப் பென்சிலால் எழுதினாள்,
பேனா மை உறைந்துவிடும்.
அவள் கையெழுத்தில் ஐந்தும் ஆறும் இரட்டைப் பிள்ளைகள்.
வார்சாவுக்குப் போகவேண்டிய இரண்டு பாலட்
தாலின் போய்ச் சேர்ந்தது.

உங்கள் ஆள் வந்தார். நல்ல மனிதர்.
தொப்பி இல்லாமல் உள்ளே வந்து நின்றார்.
"ஏழு வருஷமாயிற்று.
சிப்பு செய்த கம்பெனியே கதவை மூடிவிட்டது.
பழைய மாடலுக்கு மென்பொருள் எழுதலாம்,
சோதித்துப் பார்க்கப் பன்னிரண்டு பேர் வேண்டும்,
அவர்கள் சம்பளம் புது மாடலின் விலையில் ஏறும்.
விற்ற மாட்டுக்கு யாராவது
ஆயுசு முழுக்கப் புல் போடுவார்களா?"

நியாயம்தான்.
தலையாட்டினேன். குளிரில் தானாகவும் ஆடியிருக்கலாம்.

சர்வர் அறை முன்டவ்டாஸ்
மூன்று ராத்திரி விழித்து அவனே ஒன்றை எழுதினான்.
கருவி அதை வாங்கிப் பார்த்தது.
உங்கள் கையொப்பம் இல்லை என்றது.
அணைந்துவிட்டது.

மாட்டை விற்றிருக்கிறீர்கள், ஐயா.
மூக்கணாங்கயிறு இன்னும் உங்கள் கையில்.
புல் போட முடியாவிட்டால் போகட்டும்,
கயிற்றையாவது விடுங்கள்,
அது எங்கேயாவது மேய்ந்துகொள்ளும்.

காலம் முழுக்கக் கேட்கவில்லை.
நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு பெட்டியிலும்
இரண்டு தேதி இருக்கும்:
என்றைக்கு அடைத்தது, என்றைக்குள் உண்பது.
செத்த மீனுக்கே அந்த மரியாதை உண்டு.
உங்கள் பெட்டியில் ஒரு தேதிதான் இருந்தது.

இதோடு முடித்து மடிக்கப்போனேன்.
நேற்று புதுக் கருவிகள் வந்து இறங்கின
(வாங்கிவிட்டோம், வேறு என்ன செய்வது).
கூரியர்காரர் கையெழுத்துக் கேட்டு நீட்டினார்
எங்களுடைய அதே மாடலை.
அதே தடித்த விளிம்பு, அதே மஞ்சள் பொத்தான்,
அவருக்கும் நாலும் ஏழும் வழுக்கை.
திரையின் மூலையில் மட்டும்
நாங்கள் கண்டிராத ஓர் எண்,
புதுப் பதிப்பு, சென்ற மாதத் தேதி.

"உங்கள் கம்பெனியில் இது எத்தனை இருக்கும்?" என்றேன்.
"பத்தாயிரம் இருக்கும்" என்றார், வண்டியைப் பார்த்தபடி.

விரலால் கையெழுத்துப் போட்டேன்.
உடனே வாங்கிக்கொண்டது.

ரசுவொலெ,
இரவுப் பணி