தோண்டும் முன்

நான்காவது குத்தும் தவறியபோது
லோஷினி அழுவதை நிறுத்தியிருந்தாள்.
அதுதான் என்னைப் பயமுறுத்தியது.
மூன்று வயது. ஐந்தாம் நாள் காய்ச்சல்.
டிங்கி என்று எழுதிய தாளை
விசிறிபோல் மடித்து மடித்துப் பிரித்தாள் புவனா,
கையில் இருப்பது என்னவென்றே தெரியாமல்.

இரண்டு புறங்கை, ஒரு முழங்கை மடிப்பு, ஒரு கால்.
நான்கு பஞ்சு, நான்கு பிளாஸ்திரி.
"சாக்கிட் சிக்கிட் சாஜா" என்றார் பயிற்சி டாக்டர்.
கொஞ்சூண்டுதான் வலிக்கும் என்றேன் நான்.
இரண்டு மொழியில் ஒரே பொய்.
இரண்டையும் நம்பாமல் பிள்ளை
கையை வயிற்றுக்கடியில் ஒளித்துக்கொண்டது.

உடம்பில் நீர் வற்றினால்
நரம்பு உள்ளே போய்விடுமாம்.
எனக்கு விளங்கியது.

கோலாலம்பூர்ச் சாலைகளில்
தோண்டும் இயந்திரம் வருவதற்கு ஒருநாள் முன்னால்
மஞ்சள் கருவியைத் தள்ளிக்கொண்டு நடப்பவன் நான்.
ஜாலான் ஈப்போ, செந்தூல் பாசார்,
பெயர்ப்பலகை விழுந்துபோன எத்தனையோ லோரோங்.
கருவி முனகும் இடத்தில் குனிந்து
தார்மேல் சாயம் தெளிப்பேன்:
தண்ணீருக்கு நீலம், மின்சாரத்துக்குச் சிவப்பு.
வரைபடத்தில் இருப்பது ஒன்று,
மண்ணுக்குள் கிடப்பது வேறொன்று.

ஒருமுறை, தைப்பூசத்துக்கு முந்திய வாரம்,
வரைபடத்தை நம்பி ஒரு கோட்டை விட்டுவிட்டேன்.
பத்துமலை போகும் பாதையில்
குழாய் பிளந்து மூன்று மாடி உயரத்துக்குத் தண்ணீர்.
பூக்கடைக்காரர் ஒருவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டார்:
"கண்ணத் தொறந்துகிட்டுதான் தோண்டுனீங்களா?"

அதே கேள்வி இன்றிரவு
என் நாக்குநுனி வரை வந்தது.
டாக்டரின் நெற்றியில் வேர்வை.
இருபத்தாறு வயதுதான் இருக்கும்.
விழுங்கிக்கொண்டேன்.

அப்புறம் மிஸ்ஸி ஹாஸ்லிண்டா
சக்கரம் கிறீச்சிடும் ஒரு கம்பத்தை உருட்டி வந்தார்.
மேலே கையளவு பெட்டி.
ஐந்து வார்டுக்கும் இது ஒன்றுதானாம்,
கையெழுத்துப் போட்டு வாங்கி வரவேண்டுமாம்.
விளக்கை அணைக்கச் சொன்னார்.

லோஷினியின் கைமேல் பச்சை விழுந்தது.
பச்சைக்குள் கறுப்புக் கோடுகள்.
ஆறு என்பார்கள், மரக்கிளை என்பார்கள்.
எனக்கு அது
யாரோ எனக்கு முன்பே நடந்து பார்த்து
குறித்துவிட்டுப் போன சாலை.

ஒரு மணிநேரமாய்ப் பேசாதவள்
தலையைத் தூக்கிப் பார்த்தாள்.
"நான் கிறுக்கலப்பா."

போன வாரம் சுவரில் மார்க்கர் பேனா,
நான் போட்ட சத்தம்.
புவனா என்னைப் பார்க்கவில்லை.

"லைட் வழிய மட்டும்தான் காட்டும்,
எவ்ளோ ஆழம்னு சொல்லாது"
மலாய் வாசனையடிக்கும் தமிழில் சொன்னார் மிஸ்ஸி.
கோட்டின்மேல் விரலை வைத்தார்.
கண்ணை மூடிக்கொண்டார்.
எவ்வளவு நேரமென்று தெரியாது,
ஏர்கோன் ஒருமுறை நின்று மறுபடி ஓடத் தொடங்கும் நேரம்.

ஊசிக்குப் பின்னால்
மிளகளவு சிவப்பு எட்டிப் பார்த்தது.

கத்தினாள் பாருங்கள்,
வார்டே விழித்துக்கொள்ளும்படி
மூச்சுப் பிடித்து, மூக்கு ஒழுகி,
என் சட்டைப் பித்தானைப் பிய்த்துக் கத்தினாள்.
கத்துடா கண்ணு, கத்து.

சொட்டு இறங்கத் தொடங்கியபின்
விசும்பலுக்கு நடுவே கட்டளை வந்தது:
"அப்பா கையிலயும் காட்டு."
மிஸ்ஸி சிரித்துக்கொண்டே திருப்பினார்.
சாயக்கறை போகாத என் புறங்கையில்
கயிறுகயிறாய்ப் புடைத்துக்கொண்டு எல்லாம் தெரிந்தது.
"உங்களுக்கு லைட்டே வேணாம்" என்றார்.
லோஷினி ஒரு கோட்டின்மேல் விரல்வைத்து
முழங்கைவரை ஓட்டிப் பார்த்தாள்.
பாதி வழியில் தூங்கிப்போனாள்.

ஏழாம் கட்டிலருகே ஒரு தாய்
எழுந்து நின்றிருந்தார்,
பிள்ளையின் சட்டைக் கையை
முன்கூட்டியே மடித்துவிட்டபடி.
கம்பம் அந்தப் பக்கம் கிறீச்சிட்டுப் போனது,
பெட்டியின் ஓரத்தில் பேட்டரி விளக்கு
சிவப்பாய்க் கண்சிமிட்ட.

நாளைக் காலை ஏழு மணிக்கு
செகாம்புட்டில் ஒரு பாலர்பள்ளி வாசலில் தோண்டுகிறார்கள்.
என் கருவிக்கு
சார்ஜ் போட்டேனா?