பதினோரு ஃப்ரேம்

அந்தேரி மேற்கில் மூன்றாவது மாடி.
மெஷின் ரூம் வாடகை
மணிக்கு ஆயிரத்து நானூறு.
டெக்கின் தலையைத் துடைக்கும் நேரமும்
உன் கணக்கில்தான் என்கிறார் கோலம்கர்.
வெளியே ஜூலை.
மிலன் சப்வேயில் இடுப்பளவு தண்ணீர் என்று
அவர் மகள் போனில் சொல்லியிருக்கிறாள்.

மூன்று டேப் கேட்டிருக்கிறார்கள்.
ஜெர்மனிக்கு நொடிக்கு இருபத்தைந்து ஃப்ரேம்.
அமெரிக்காவுக்கு
பேச்சுக்கு முப்பது,
நடப்பில் முப்பதுக்குக் கொஞ்சம் கம்மி.
எடுத்தபடியே இருபத்துநாலில் ஒன்று,
அலமாரிக்கு.

படிவத்தில் ‘ட்ராப் ஃப்ரேம்’ என்று பார்த்ததும்
புனேயிலிருந்து ரெஹானா பதறினாள்.
டைரக்டர் அல்லவா.
எந்த ஷாட்டைத் தூக்கப்போகிறாய்?
ஒன்றையும் தூக்கவில்லை, ரெஹானா.
நிமிடம் திரும்பும்போது இரண்டு எண்ணைத்
தாண்டிப்போகும், அவ்வளவுதான்.
பத்தாவது நிமிடத்தில் அதுவும் இல்லை.
படம் முழுசாக இருக்கும்,
ஓட்டை எண்ணில் மட்டும்.

போனை வைத்தேன்.
திரையில், தொண்ணூறடிச் சாலை வீட்டில்,
சொர்ணத்தாய் ரேஷன் கார்டை விரித்துக் காட்டுகிறாள்.
வரிசை எண் நாலு:
சுடலைமணி, ஆண், பதினேழு.
கார்டு அடித்த வருஷத்து வயசு.
இங்கே எண்ணெல்லாம் சரியாக இருக்கிறது.

கடைசியா எப்பப் பாத்தீங்க?
ரெஹானா மனப்பாடம் செய்துவந்த ஒரே தமிழ் வாக்கியம்.
அதன்பிறகு பேச்சில்லை.
எடிட்டில் முதலில் நாலு நொடி விட்டேன்,
பிறகு ஏழு.
பதினொன்றில் கை தானாக நின்றது.
இருநூற்று அறுபத்துநாலு ஃப்ரேம்,
ஒரு மூக்குத்தியும் மின்விசிறிச் சத்தமும்.

ஜெர்மனி டேப்பில் எல்லாம் கொஞ்சம் விரசாக ஓடும்.
தொண்ணூற்றாறு நிமிடப் படம்
தொண்ணூற்றிரண்டு சொச்சத்தில் முடியும்.
ஒன்றும் வெட்டுப்படுவதில்லை,
எல்லோருக்கும் ஏதோ ரயில் பிடிக்கிற அவசரம்.
குரலும் ஏறிவிடும்.
சொர்ணத்தாய்க்குப் பத்து வயசு குறைந்தது.
குரலை இறக்க ஒரு பட்டன் உண்டு.
இறக்கினேன்.
மௌனத்துக்கு அப்படியொரு பட்டன் இல்லை.

பத்து நொடி, பதினாலு ஃப்ரேம்:
ஜெர்மனியில் அவள் பேசாதிருப்பது அவ்வளவுதான்.
பதினொன்று குறைகிறது.
யார் எண்ணப்போகிறார்கள்?
நான் எண்ணிவிட்டேன், அதுதான் தொல்லை.

ரஷ்ஸுக்குத் திரும்பினேன்.
வெட்டிய இடத்துக்கு அப்பால்
ஆறு ஃப்ரேம் அப்படியே இருக்கிறாள்.
ஏழாவதில் உதடு பிரிகிறது.
பதினொன்றில் பல் தெரிகிறது.
அதற்கு மேல் எனக்கு வேண்டாம்,
அடுத்து அவள் கேட்டது இது:
ஃபேனை நிறுத்திரவாம்மா,
ஒங்களுக்கு எரைச்சலா இருக்குமே.

மகனைப் பற்றித்தான் வாயெடுக்கிறாள் என்று
ஜெர்மனியில் நினைத்துக்கொள்வார்கள்.
நினைக்கட்டும் என்று தோன்றியது,
பிறகு கூச்சமாகவும் இருந்தது.
இருந்தும் பதினோரு ஃப்ரேமைச் சேர்த்தேன்.
அடுத்த ஷாட் தகரக்கூரை மேல் மழை,
நீளம் இடிக்காமலிருக்க
அதில் பதினொன்றைக் குறைத்தேன்.
பம்பாய்ப் படத்தில் மழைக்கா பஞ்சம்.

கலர் பார், ஒரு நிமிடம் டோன்,
கொஞ்சம் கறுப்பு.
டேப் நகரத் தொடங்கியது.
இதை மட்டும் அவசரப்படுத்த முடியாது,
தொண்ணூற்றிரண்டு நிமிடப் படத்துக்குத்
தொண்ணூற்றிரண்டு நிமிடம் உட்கார வேண்டும்.
கோலம்கர் மீட்டரைப் பார்ப்பார்,
படத்தைப் பார்க்க மாட்டார்.
ஆறு வருஷமாக அப்படித்தான்.

பாதிப் படத்தில் விளக்கு ஒருதரம் சிமிட்டியது.
இருவரும் மூச்சைப் பிடித்தோம்.
யூபிஎஸ் தாங்கிக்கொண்டது.
நிமிர்ந்த கண் திரையிலேயே நின்றதோ என்னவோ,
சொர்ணத்தாய் வாய் திறந்து
மழைக்கு மாறியதும் கேட்டார்,
இந்தியில்:
என்ன சொல்ல வந்தாள்?

ஃபேன், என்றேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார்.
மெஷின் ரூமில் ஃபேன் கிடையாது.