நூற்றுக்கு எவ்வளவு

பாவூர்சத்திரத்தில் முருங்கைக்காய் ஏற்றி
புளியரை எஸ் வளைவில் திரும்பும்போது
பின்சக்கரம் எதன்மீதோ ஏறி இறங்கியது.
கல்.
கல்தான்.
கல்லாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த ‘வேண்டும்’தான் என் வியாதி.

போன ஆவணியில் ஒரே ராத்திரி
ஆறு தடவை வண்டியைத் திருப்பினேன்.
டார்ச் அடித்து ஓடைக்குள் எட்டிப் பார்த்து,
டயர்ப் பள்ளத்தில் விரல் விட்டு முகர்ந்து.
பின்னால் தக்காளி கசிந்துகொண்டிருந்தது.
காலையில் பேப்பரில் விபத்துச் செய்தி தேடுவேன்.
இல்லையென்றால்
உடலை இன்னும் கண்டெடுக்கவில்லை என்று பொருள்.

தென்காசி ஆஸ்பத்திரியில் பெனாசிர் மேடம்
‘நீங்க யாரையும் இடிக்கல’ என்று சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் தினமும் போய்க் கேட்டிருப்பேன்.
டிரிப் ஷீட்டின் முதுகில் கோடு போடச் சொன்னார்:
நடந்தது என்ன, மனசு சொன்னது என்ன,
அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறேன்.

முதல் நாள் எழுதினேன்:
வண்டி குலுங்கியது. ஆள் செத்தாச்சு. தொண்ணூற்றெட்டு.
‘மீதி ரெண்டு எங்க போச்சு?’
அந்த ரெண்டைப் பிடித்துக்கொண்டே
ஆறு வாரம் பேசினோம்.
பிறகு ஒரு வேலை கொடுத்தார்:
கண்ணாடியில் ஒருமுறை பார்க்கலாம். திரும்பக் கூடாது.
யாரிடமும் கேட்கவும் கூடாது.

இன்று திரும்பவில்லை.
ஆரியங்காவு செக்போஸ்டில் காகிதம் நீட்டிய கை ஆடியது.
‘எந்தா அண்ணாச்சி, பனியா?’
அவருக்கு அது காய்ச்சல். எனக்கு மூடுபனி.
ரெண்டும் இருந்தது.

டீக்கடை பெஞ்சில் எழுதினேன்: எண்பத்தைந்து.
கிளீனர் இசக்கிராஜ் என் முகத்தைப் பார்த்தான்.
‘பைக் ஏதாச்சும் நிறுத்தி, நான் வேணா பாத்துட்டு வரட்டா?’
அன்பாகத்தான் கேட்டான்.
‘வேண்டாம்ல.’
இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்ததில்
இதைவிடக் கனமாக எதையும் திருப்பியதில்லை.

கட்டன்சாயா ஆறி ஆடை கட்டாமல் கிடந்தது.
எழுபது.
கொல்லம் ரயில் மலைக்குள் போய்
சத்தம் மட்டும் வெளியே நின்றது.
அறுபத்தைந்து. மறுபடி எண்பது.
ஐம்பது.

புனலூரில் தாமஸ்குட்டி கடையில் மூட்டை இறக்கும்போது
எழுத மறந்துபோனேன்.
ராத்திரி ஞாபகம் வந்து குத்துமதிப்பாக
இருபது என்று போட்டேன்.

சைபர் வராது, மேடம் முன்பே சொல்லியாயிற்று.
நாளை வெண்டைக்காய் லோடு. அதே வளைவு.
அந்தக் கல் அங்கேயேதான் கிடக்கும்,
கல்லாக இருந்தால்.