அணில் அழும் காட்சி

கணினிக்குப் பக்கத்தில் ஒட்டுநாடாவில் தொங்குகிறது
ஒரு கைப்பைக் கண்ணாடி.
அதில் என் வாய் மட்டுமே கொள்ளும்.
புருவம் பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும்.
குனிந்தால் அது வேறு புருவம்.

அணிலின் பிஸ்கட் கடலில் விழுகிறது.
மூன்று விநாடி. எழுபத்திரண்டு பிரேம்.
அழுதுகாட்டு என்றான் இஷங்க,
போனைப் பிளேன்ரீக் கோப்பையில் சாய்த்துவைத்து.
அழுதேன்.
மெதுவாக ஓட்டிப் பார்த்தோம்:
தும்மல் வருமா என்று
காத்திருக்கிற ஒருத்தியின் முகம்.
ஆறு தடவை எடுத்தோம். ஆறிலும் என் கண்
போனின் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிரவு நூறாம் இலக்க பஸ்ஸில்
கொள்ளுப்பிட்டியில் ஏறினார் அவர்.
சட்டைப் பையில் இரண்டு பேனா,
மடியில் கேக் பெட்டி.
போன் வந்தது.
'ஹரி' என்றார். கொஞ்சம் பொறுத்து, 'ஹரி.'
சிங்களத்தில் அது சரி.
சரி என்பதைத் தவிர
வேறொரு சொல்லும் அந்த வாயிலிருந்து வரவில்லை.

முதலில் அசைந்தது முகமே இல்லை, தொண்டை.
பிறகு இமை மூடி
இரண்டு பிரேம் பிந்தித் திறந்தது.
புருவம் ஏறவில்லை.
கீழுதடு உள்ளே போய்
பல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.
கேக் பெட்டியின் நூலில்
சரியாகவே இருந்த முடிச்சை
அவிழ்த்து மறுபடி கட்டினார்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எண்ணினேன்.
டிக்கெட்டின் பின்பக்கம் போதாமல்
உள்ளங்கையில் உதட்டை வரைந்தேன்.
வெள்ளவத்தையில் இறங்க மறந்து
தெஹிவளையிலிருந்து திரும்பி நடந்தேன்,
வியர்வையில் உதடு கலையாதிருக்க
கையை விரித்தபடி.

அணில் இப்போது அழவில்லை.
வாலில் இல்லாத தூசியைத் தட்டுகிறது.
இஷங்க மூன்று முறை ஓட்டினான்,
ஒன்றும் சொல்லாமல் ரீ வாங்கப் போனான்.

பிஸ்கட் கம்பெனியின் பர்ஹானா மேடம்
நல்ல மனுஷி. சிரித்துக்கொண்டே சொன்னார்:
'ஆரோ செத்த மாதிரி இருக்கே.
பிஸ்கட்தானே?
கண்ணீர் போடுங்க. பெரிசா, நீலமா.'

போட்டேன். இரண்டு பக்கமும் நீரூற்று.
புருவத்தைக் கூரையாக்கினேன்.
வாயைச் சதுரமாகத் திறந்தேன், அண்ணம் தெரிய.
பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.
எனக்கும் பிடித்தது, பொய்யில்லை.

பழைய எழுபத்திரண்டை அழிக்க மனம் வரவில்லை.
கோப்புக்குப் பெயர் கேட்டது கணினி.
என்ன செய்தி அது, எந்த ஆஸ்பத்திரி,
ஆஸ்பத்திரிதானா,
கேக்கை யார் வெட்டினார்கள்,
ஒன்றும் தெரியாது எனக்கு.

ஹரி என்று அடித்தேன்.